தேக்கு மேசை, ஃபோம் சோபா: எதில் தீ அதிகம்?

வாசகர் கேள்வி, மார்ச் 4

ஐயா, எங்கள் கூடத்தில் அப்பா காலத்துத் தேக்கு மேசை ஒன்று இருக்கிறது, 40 கிலோ இருக்கும். போன வருடம் மூன்று பேர் உட்காரும் சோபா வாங்கினோம், உள்ளே முழுக்க ஃபோம். தூக்கிப் பார்த்தால் பாரமே தெரியாது. மின்கசிவு வந்தால் மேசைதான் ஆபத்து, மரம் எரிந்தால் வீடே போய்விடும் என்று நான் சொல்கிறேன். மைத்துனர் சோபாதான் ஆபத்து என்கிறார். எடை அதிகமாக இருப்பதில்தானே நெருப்பும் அதிகம்?

மார்ச் 4, இரவு 9.40

மைத்துனர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் போட்ட கணக்கிலும் பாதி உண்மை இருக்கிறது.

மேசையில் வெப்பம் அதிகம்தான். மரம் சுடர் விட்டு எரியும்போது கிலோவுக்குச் சுமார் 13 மெகாஜூல் தரும். 40 கிலோவுக்கு 520. சோபாவில் 10 கிலோ ஃபோம் என்று வையுங்கள், கிலோவுக்கு 25 மெகாஜூல், மொத்தம் 250. மேசையில் பாதிகூட இல்லை.

அந்த 520 எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேசை முதலில் பற்றுவதே கஷ்டம், பற்றினாலும் நின்று எரியும். சோபா நாலைந்து நிமிடத்தில் தன் 250-ஐயும் கொட்டிவிடும். உச்சத்தில் 2 மெகாவாட், அதாவது 2,000 கிலோவாட் வரை போகும். உங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் ஒரு பர்னர் முழுத் தீயில் சுமார் 2 கிலோவாட். ஆயிரம் பர்னரை ஒரே நேரத்தில் கூடத்தில் திறந்து வைத்தால் எப்படியோ, அப்படி.

இந்த வேகத்துக்குப் பெயர் வெப்ப வெளியீட்டு வீதம். என் வேலைக்காலம் முழுவதும் ஒரு தீச்சோதனைக் கூடத்தில் இந்த ஒரு எண்ணை அளப்பதிலேயே போனது. தொடர்ந்து எழுதுகிறேன், இன்று நேரமாகிவிட்டது.

மார்ச் 5, காலை 6.15

தூங்கி எழுந்ததும் அப்பாயி நினைவு. அடுப்பு மூட்டும்போது முதலில் பன்னாடை, அது குப்பென்று பிடிக்கும். அப்புறம் மட்டை, அதன் மேல் சிரட்டை, சிரட்டை நின்று எரியும். வறட்டி கடைசியில், அது கனன்று கிடக்கும், இரவு வைத்தால் காலையிலும் சூடு இருக்கும். நான்குமே செடியும் புல்லுமாக இருந்தவைதான், வறட்டி கொஞ்சம் குறைவாகத் தரும், மற்றபடி கிலோவுக்கான வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எது எந்த வேகத்தில் தரும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் அதற்கு எண் போட்டோம், அவ்வளவுதான்.

மார்ச் 5, இரவு 10.05

"வெப்பத்தை எப்படி ஐயா அளப்பது, தெர்மாமீட்டரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முன்பு அப்படித்தான் முயன்றார்கள். பொருளை ஒரு பெட்டிக்குள் எரித்து, வெளியேறும் காற்று எத்தனை டிகிரி சூடானது என்று பார்ப்பது. தொல்லை என்னவென்றால், சுடரின் வெப்பத்தில் ஒரு பங்கு கதிர்வீச்சாகப் பெட்டிச் சுவருக்குப் போய்விடும். சுவர் குடித்தது போக மீதியைத்தான் தெர்மாமீட்டர் பார்க்கும். புகைகக்கும் பொருளானால் கதிர்வீச்சு இன்னும் அதிகம், பிழையும் அதிகம்.

விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1917-இல் இங்கிலாந்தில் தார்ன்டன் என்பவர் கரிமச் சேர்மங்களின் எரிவெப்பங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தார். எரிபொருளின் கிலோவுக்குக் கணக்குப் போட்டால் எண்கள் எங்கெங்கோ சிதறின. செலவான ஆக்சிஜனின் அளவுக்குக் கணக்குப் போட்டால் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்தக் கட்டுரையைத் தீ ஆய்வுக்காரர்கள் அறுபது வருடம் எடுத்துப் பயன்படுத்தவில்லை. 1970-களில்தான் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயப் பணியகத்தில் (இன்று அதன் பெயர் நிஸ்ட்) இதைத் தூசி தட்டினார்கள். 1980-இல் அங்கிருந்த கிளேட்டன் ஹக்கெட் பிளாஸ்டிக், மரம், துணி என்று கட்டடங்களில் எரியும் பொருள்களுக்கெல்லாம் கணக்கிட்டு ஒரு எண்ணைச் சொன்னார்: ஒரு கிலோ ஆக்சிஜன் செலவானால் 13.1 மெகாஜூல், பெரும்பாலான பொருள்களுக்கு ஐந்து சதவீதத்துக்குள்.

இதன் அருமையைப் பாருங்கள். எரிவது என்னவென்றே தெரிய வேண்டாம். சோபாவில் ஃபோம் எவ்வளவு, துணி எவ்வளவு, சட்டம் எவ்வளவு என்று பிரிக்க வேண்டாம். மேலே ஒரு ஹூட் வைத்துப் புகை முழுவதையும் உறிஞ்சி, அதில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். சுவர் எவ்வளவு வெப்பத்தைக் குடித்தது என்ற கவலையும் இல்லை, ஏனென்றால் ஆக்சிஜன் சுவருக்குள் போய் ஒளிந்துகொள்வதில்லை.

உடம்புக்கும் இதே கணக்குதான். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு நம் உடம்பு சுமார் 20 கிலோஜூல் செலவழிக்கிறது. முகத்தில் குழாய் மாட்டி ஓடவிட்டு மூச்சை அளக்கிறார்களே, அதுவும் ஆக்சிஜனை வைத்து வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டர்தான். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1780-களிலேயே கணித அறிஞர் லாப்லாஸோடு சேர்ந்து ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டிக் கூட்டுக்குள் வைத்து, உருகிய பனியையும் அது விட்ட மூச்சையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். மூச்சும் எரிதலும் ஒரே வேலை என்று அவருக்கு அப்போதே பட்டிருக்கிறது.

மார்ச் 6, காலை 7.00

ஒரு திருத்தம். 13.1 எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதுபோல நேற்றைய குறிப்பு படிக்கிறது. பாலிஎத்திலீன் 12.7-க்குக் கொஞ்சம் கீழே, பருத்தி 13.6. இவை பரவாயில்லை. அசெட்டிலீன் 15.7. கார்பன் மோனாக்சைடு 17.7-ஐத் தொடும். காற்றுப் போதாமல் எரியும் அறையில் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும், அங்கே அதையும் தனியாக அளந்து கணக்கைத் திருத்த வேண்டும். ஆக்சிஜனை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது.

மார்ச் 7, இரவு 8.30

கருவியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

கோன் கலோரிமீட்டர். 1982-இல் அதே பணியகத்தில் வைடெனிஸ் பாப்ரௌஸ்காஸ் வடிவமைத்தது. இன்று ஐஎஸ்ஓ 5660 என்ற தரமாக உலகம் முழுக்க நடக்கிறது. பெயருக்குக் காரணம் அதன் ஹீட்டர். தலை வெட்டிய கூம்பு மாதிரி சுற்றிய சுருள், நடுவில் துளை. கூம்பு சுடரைத் தடுக்காது, சுடர் அந்தத் துளை வழியே நிமிர்ந்து மேலே போகும்.

மாதிரி 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், ஒரு பாத்ரூம் டைல் அளவு. அடியையும் பக்கங்களையும் அலுமினிய ஃபாயிலால் சுற்ற வேண்டும், பளபளக்கும் பக்கம் மாதிரியைப் பார்த்து இருக்க வேண்டும். மூலைகளை மடிப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது, பிரசாதப் பொட்டலம் மடிப்பதுபோல. இடுக்கு விட்டால் உருகிய பிளாஸ்டிக் அதன் வழியே ஒழுகி, எடை பார்க்கும் லோட் செல் மேலேயே எரியும். அதற்கு அடியில் செராமிக் பஞ்சு மெத்தை. இதைக் கூம்பின் வாயிலிருந்து 25 மில்லிமீட்டர் கீழே வைப்போம்.

கூம்பு எத்தனை சூடு தர வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். சதுர மீட்டருக்கு 25, 35, 50, 75 கிலோவாட் வழக்கமானவை. சித்திரை உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1 கிலோவாட். ஆக 50 என்பது ஐம்பது சூரியன்.

நான் முதன்முதலில் தனியாக ஓட்டிய சோதனை தேக்குதான், இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அதனால்தான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். தடுப்புத் தகட்டை விலக்கியதும் முதல் சில நொடிகள் ஒன்றுமில்லை. அப்புறம் மேல்பரப்பு பழுப்பாகி, வரி வரியாகக் கருத்தது. வெட்டுமுனையில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு துளித்துளியாகக் கொதித்து வந்தது. வெண்புகை ஒல்லியாக எழுந்தது, பிறகு தடித்தது. மேலே, பற்றவைப்பதற்காகக் கருவி விடும் மின்பொறி நிற்காமல் சடசடத்துக்கொண்டிருந்தது. ஒரு முறை மின்னி அணைந்தது. அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, சுடர் நிலைத்து நிற்க வேண்டும். அடுத்த முறை பரப்பு முழுக்கப் பிடித்தது, நான் பற்றிய நேரத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் வெப்ப வெளியீட்டு வீதத்தின் கோடு செங்குத்தாக ஏறியது. இனி ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்தேன். ஏறவில்லை, இறங்கியது. மேலே கரி படிந்துவிட்டது, அந்தக் கரி அடியில் இருக்கும் மரத்துக்குப் போர்வை. வெகுநேரம் தாழ்வாகவே எரிந்தது. முடியப்போகிறது என்று நான் குறிப்பேட்டை எடுத்தபோது கோடு மறுபடி ஏறத் தொடங்கியது. இரண்டாவது மேடு. வெப்பம் பலகையின் அடிவரை போய்விட்டது. கீழே செராமிக் மெத்தை, மேற்கொண்டு போக இடமில்லை. மிச்ச மரம் முழுதும் ஒரே நேரத்தில் சூடாகி ஆவியைக் கக்குகிறது.

ஃபோமுக்கு ஒரே மேடுதான். தகட்டை விலக்கிய கையை எடுப்பதற்குள் பிடித்துவிடும். பஞ்சு சுருங்கி, உருகி, ஃபாயில் தட்டில் எண்ணெய்போல நின்று எரியும். கரி கிடையாது, போர்வை கிடையாது. தட்டில் கடைசியில் ஒரு கறை மட்டும் இருக்கும்.

மார்ச் 8, மதியம் 1.20

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். கோடு ஏறுவதை அந்த நொடியே பார்த்ததுபோல எழுதினேன். உண்மையில் நான் பார்த்தது கொஞ்சம் முன்பு நடந்ததை. புகை ஹூட்டில் ஏறி, குழாயில் போய், வடிகட்டி, குளிர்ப்பொறி, உலர்த்தி எல்லாம் தாண்டித்தான் ஆக்சிஜன் கருவிக்கு வரும். எடை மட்டும் அந்தந்த நொடியே தெரியும். இரண்டையும் கணக்கில் சேர்ப்பதற்கு முன் அந்தத் தாமதத்தைக் கழித்து வரிசைப்படுத்த வேண்டும். கழிக்காவிட்டால், பொருள் எடை இழந்து முடிந்த பிறகு வெப்பம் வெளிவருவதாகப் படம் சொல்லும்.

மார்ச் 9, இரவு 11.10

என் தவறு ஒன்றை எழுத வேண்டும். இளையவர்கள் இரண்டு பேர் இந்த வேலைக்குப் போகப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்காக.

ஹூட் நொடிக்கு 24 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. மீத்தேன் பர்னரில் சரியாக 5 கிலோவாட் எரித்துத்தான் கருவியைத் தினமும் சரிபார்ப்போம். அந்த 5 கிலோவாட்டுக்குக் காற்றின் ஆக்சிஜன் 20.95 சதவீதத்திலிருந்து 19.8-க்குப் பக்கத்தில் இறங்கும். அவ்வளவுதான் இறக்கம். ஒரு சதவீதப் புள்ளியும் கொசுறும். அதற்குள்தான் எங்கள் அறிவியல் முழுக்க இருக்கிறது. ஆக்சிஜன் கருவி 0.01 சதவீதப் புள்ளி தள்ளிக் காட்டினால், டைல் அளவு மாதிரிக்கு அது சதுர மீட்டருக்கு 4 கிலோவாட்டுக்கு மேல் பிழை. தீ தாங்கும் நல்ல பொருளை அளக்கும்போது இந்த 4 பெரிய எண்.

வாயு கருவிக்குப் போகும் முன் அதிலிருக்கும் ஈரத்தை எடுக்க வேண்டும். நீராவி கலந்திருந்தால் ஆக்சிஜனின் பங்கு குறைவாகத் தெரியும், எரிந்ததாகக் கணக்கு கூடும். இதற்கு ஒரு கண்ணாடிக் குழாயில் உலர்த்தி மணிகள், நீலமாக இருக்கும், ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அடுத்த குழாயில் கரியமில வாயுவைப் பிடிக்கும் மணிகள்.

மழைக்கால வாரம் அது. வேலை குவிந்திருந்தது. காலையில் குழாய் நீலம், மீத்தேன் போட்டுச் சரிபார்த்தேன், நன்றாக வந்தது. அதோடு நாள் முழுக்க ஓட்டினேன். மதியத்துக்குள் குழாயின் முக்கால் பங்கு நிறம் மாறியிருக்கிறது, நான் குனிந்து பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, எதற்கும் இருக்கட்டும் என்று கறுப்பு அக்ரிலிக் மாதிரி ஒன்றைப் போட்டேன். அது எப்போதும் ஒரே மாதிரி எரியும், எங்களுக்கு அளவுகோல் மாதிரி. வழக்கமாக வருவதைவிடக் கூடுதலாக வந்தது. அக்ரிலிக் மாறவில்லை, நான்தான் மாறியிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது.

அந்த வாரத்தின் மதியச் சோதனைகள் எல்லாவற்றையும் தள்ளினோம். வாடிக்கையாளரிடம் மறுபடி மாதிரி கேட்க வேண்டியிருந்தது. எண்கள் கூடுதலாகத்தானே வந்தன, பாதுகாப்பான பக்கம்தானே, விடலாமே என்று ஒரு சக ஊழியர் கேட்டார். விட முடியாது என்றேன். வரிசையில் ஒரு பொருள் காலையிலும் இன்னொன்று மதியத்திலும் ஓடியிருக்கிறது, எது எதைவிட நல்லது என்பதே புரண்டிருக்கும். இன்றும் அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் முன் குழாயைக் குனிந்து பார்ப்பேன். ஓய்வு பெற்ற நாள்வரை.

மார்ச் 10, காலை 6.50

மாதிரியின் ஈரம் பற்றியும் ஒரு வரி. சோதனைக்கு முன் 23 டிகிரியிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் எடை நிலைக்கும்வரை வைக்க வேண்டும். கடற்கரை ஊர்க் கிடங்கிலிருந்து வந்த மரத்தை அப்படியே கூம்புக்கடியில் வைத்தால் முதலில் நீரைத்தான் கொதிக்க வைப்பீர்கள், பற்றும் நேரம் தள்ளிப்போகும். ஈர விறகோடு போராடியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

மார்ச் 10, இரவு 9.15

"கடையில் ஃபோமில் நெருப்புக்குச்சி வைத்துக் காட்டினார்கள், பற்றவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நெருப்புக்குச்சிக்குப் பற்றாமல் இருப்பது ஒரு நல்ல குணம்தான், பல தீயை அது ஆரம்பத்திலேயே தடுக்கும். ஆனால் பக்கத்தில் திரைச்சீலை எரிந்து, அதன் வெப்பம் சோபா மேல் விழும்போது நிலைமை வேறு. குச்சி ஒரு புள்ளியைச் சுடுகிறது. கூம்பு பரப்பு முழுவதையும் சுடுகிறது. குச்சிச் சோதனையில் தேறிய ஃபோம் 35 கிலோவாட்டில் நன்றாகவே எரிவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

2003 பிப்ரவரி 20, அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வெஸ்ட் வார்விக்கில் ஒரு இரவு விடுதி. மேடையில் பூவாணம் மாதிரி ஒன்றைக் கொளுத்தினார்கள். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பொறி விழுந்தது. 100 பேர் செத்துப்போனார்கள். பிற்பாடு நிஸ்ட் அந்த ஃபோம் வகையைக் கோனில் அளந்து, மேடையின் ஒரு பகுதியை அப்படியே கட்டி எரித்துப் பார்த்தது. ஒன்றரை நிமிடத்துக்குள் நிலைமை கைமீறிவிடும் என்பது அதில் தெரிந்தது. ஒரு கூட்டம் பாட்டு நின்றதைக் கவனித்து, திரும்பி, வாசலைத் தேடுவதற்கே அவ்வளவு நேரம் ஆகும்.

1992-இல் பாப்ரௌஸ்காஸும் ரிச்சர்ட் பீகாக்கும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஓர் அறையில் நாற்காலி எரிகிறது. பற்றும் நேரத்தைப் பாதியாக்கினால் என்ன, புகையின் நச்சை இரட்டிப்பாக்கினால் என்ன, வெப்ப வெளியீட்டு வீதத்தை இரட்டிப்பாக்கினால் என்ன? உள்ளே இருப்பவரின் ஆயுளைப் பெரிதாகக் குறைத்தது மூன்றாவதுதான். ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை, மறுக்கவில்லை. அந்தப் புகை எவ்வளவு சீக்கிரம் அறையை நிரப்புகிறது என்பதை இந்த எண்தான் ஓட்டுகிறது.

மார்ச் 12, இரவு 10.45

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைகள். சத்துணவுச் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் போனது. எங்கள் ஊர் அங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். நான் படித்ததும் கீற்றுக் கொட்டகைப் பள்ளியில்தான். மழைக்கு முன் கூரை மாற்றும்போது பழைய கீற்றை வெளியே குவித்துக் கொளுத்துவார்கள், நாங்கள் கைதட்டிக்கொண்டு நிற்போம். எவ்வளவு சீக்கிரம் அந்தக் குவியல் அடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அதே கீற்று எங்கள் தலைக்கு மேல் இருந்தது என்று யாருக்கும் உறைக்கவில்லை.

சில வருடம் கழித்து ஊரிலிருந்து ஒரு கீற்றை எடுத்துவந்து, துண்டு போட்டு, கோனில் வைத்தேன். யாரும் கேட்டுச் செய்த சோதனை இல்லை. அறிக்கையும் எழுதவில்லை. தேக்குக்குக் காத்திருந்ததுபோல இங்கே காத்திருக்க எதுவுமே இல்லை. தகடு விலகியதும் பிடித்தது, உச்சத்துக்குப் போனது, முடிந்தது. தட்டில் வெள்ளைச் சாம்பல், ஓலையின் நரம்பு வரி அப்படியே தெரிந்தது, மூச்சு பட்டதும் உதிர்ந்தது.

காரணம் எளிது. தடித்த மரத்தில் மேல்பரப்பு சூடாகும்போது வெப்பம் உள்ளே ஒழுகிக்கொண்டே இருக்கும், அதனால் பரப்பு பற்றும் சூட்டை எட்ட நேரமாகும். ஓலைக்கு உள்ளே என்று ஒன்றே கிடையாது. விழும் வெப்பம் எல்லாம் பரப்பைச் சூடாக்குவதற்கே. வெப்பத்தைச் சேமிக்க எடை இல்லை, மூடிக்கொள்ளக் கரி இல்லை, இரண்டு பக்கமும் காற்று. கூரையில் அது சரிவாகவும் இருக்கிறது, சுடர் மேல்நோக்கிப் படுத்து அடுத்த ஓலையை முன்கூட்டியே சூடாக்குகிறது. மொத்த எடையைப் பார்த்தால் ஒன்றுமில்லாத பொருள். தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் இந்தக் கீற்றுதான்.

மார்ச் 13, காலை 7.30

நேற்றைய குறிப்புக்குப் பிறகு மேசையை நான் அளவுக்கு மீறி நல்லவனாக்கிவிட்டேனோ என்று தோன்றியது. ஆகவே இது.

சோபா எரிந்து கூடத்தின் மேல்பாதி 500, 600 டிகிரி புகையால் நிரம்பிவிட்டால் தரையில் விழும் வெப்பமே சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் ஆகிவிடும். மரம் பொறி பட்டுப் பற்றுவதற்கு 12 போதும். அப்போது மேசை, கதவு, புத்தகம், பாய் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடிக்கும். அதற்கு அப்புறம் மேசையின் 520 மெகாஜூல் கணக்குக்கு வரும், தீ எத்தனை நேரம் நீடிக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். தேக்கு மாதிரி கடினமரம் நிமிடத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் கரியாகும், அதனால்தான் பழைய வீடுகளில் தீக்குப் பிறகும் உத்தரம் நிற்பதைப் பார்க்கலாம். ஆக, தப்பிக்க எவ்வளவு நேரம் என்பதைச் சோபா சொல்லும், கட்டடம் எவ்வளவு நேரம் வேகும் என்பதை மேசை சொல்லும். உங்கள் வாதத்தில் பாதி உண்மை என்று முதல் நாள் சொன்னது இதைத்தான்.

மார்ச் 13, இரவு 8.00

கல் எரியாது, அப்படியானால் கல் மண்டபம் பாதுகாப்பா என்று கேட்டவருக்கு: 2018 பிப்ரவரி 2, மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கல்லின் வெப்ப வெளியீடு பூஜ்யம். கடைகளில் இருந்த சரக்குக்கு அப்படி இல்லை. கல்லிலிருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகம் 573 டிகிரியில் திடீரென்று பருக்கும், தூண் வெடிக்கும்.

மார்ச் 15, இரவு 9.30

வெளிச்சுவரில் அலுமினியத் தகடு ஒட்டலாமா, உலோகம்தானே என்று கேள்வி வந்திருக்கிறது.

தகட்டை விளிம்பில் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் அலுமினியம், நடுவில் 3 மில்லிமீட்டர், மறுபடி அரை மில்லிமீட்டர் அலுமினியம். அந்த நடு மூன்றில் என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாமே. பாலிஎத்திலீனாக இருந்தால் ஒரு சதுர மீட்டரில் 2.8 கிலோ. கிலோவுக்கு 43 மெகாஜூல். சதுர மீட்டருக்கு 120. அதாவது இரண்டு சதுர மீட்டர் தகடு, எரிபொருள் கணக்கில், முதல் நாள் பார்த்த சோபா. லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அன்று எரிந்தது பாலிஎத்திலீன் நடுவே வைத்த இந்த வகைத் தகடு. 72 பேர் இறந்தார்கள்.

இங்கே கோன் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். தகட்டைத் தட்டையாக, மேல் அலுமினியத்தைக் கூம்புக்குக் காட்டி வைத்தால் அது கொஞ்ச நேரம் கதிரைத் திருப்பி அனுப்பி நல்ல பெயர் வாங்கிவிடும். உண்மையான சுவரில் தீ விளிம்பு வழியாகவும் இணைப்பு வழியாகவும் நுழைகிறது, பிளாஸ்டிக் உருகிச் சொட்டுகிறது, தகட்டுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி புகைபோக்கிபோல இழுக்கிறது. அதற்குப் பல மாடி உயரத்தில் சுவரையே கட்டி எரித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் மூலைச் சோதனை ஒன்று இருக்கிறது, 30 கிலோவாட் புரொப்பேன் பர்னரை மூலையில் வைத்து, வெப்ப வெளியீடு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று வகை பிரிப்பார்கள். அதுவும் ஓரளவுக்குத்தான். டைல் அளவில் அளந்ததைக் கட்டடத்துக்கு நீட்டும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் கை நடுங்கும்.

வாங்குவதற்கு முன் விளிம்பில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். நடுவில் கறுப்பாகவோ நகத்தால் கீறினால் மெழுகுபோலவோ இருந்தால் வேண்டாம். வெள்ளையாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள்.

மார்ச் 17, இரவு 9.00

தம்பி, கூடத்தின் அளவை அனுப்பியதற்கு நன்றி. கூரை 10 அடி, சோபா வாசல் கதவை ஒட்டிய மூலையில், வெளியேற அந்த ஒரு வாசல்தான்.

சுடர் உயரத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, ஹெஸ்கெஸ்டாட் என்ற தீ ஆய்வாளர் போட்டது. கிலோவாட்டை 0.4 அடுக்குக்கு உயர்த்தி, 0.235-ஆல் பெருக்கி, தீயின் விட்டத்தைக் கிட்டத்தட்ட அப்படியே கழிக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத் தீ, 1,000 கிலோவாட்: 2.7 மீட்டர். ஒன்றரை மீட்டர் அகலம், 2,000 கிலோவாட்: 3.4 மீட்டர். உங்கள் கூரை 3 மீட்டர். நட்ட நடுவில் எரிந்தாலே சுடர் கூரையில் முட்டிப் படர்ந்துவிடும். மூலையில் இருந்தால் இரண்டு பக்கம் சுவர் காற்றைத் தடுக்கும், சுடர் காற்றைத் தேடி இன்னும் உயரமாக நீளும். அதுவும் வாசல் பக்கமாக.

மைத்துனரைக் கூப்பிட்டு, இருவருமாக அந்தச் சோபாவை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிடுங்கள். பாரம் இல்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். சார்ஜர் செருகும் பிளக் அதன் பின்னால் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மேசை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.